சாய்ந்த வீட்டின் மூலைத்தூண்

விரலை மடக்கித் தட்டுகிறாள். காதை வைத்துக் கேட்கிறாள். இன்னொரு தட்டு. அதற்குப் பிறகும் சாய்வதில்லை. ஜெர்மனியில், கெல்சென்கிர்ச்சன் நகரத்தில் எங்கள் வீட்டுக்கு வந்தால், என் தங்கை பிளோறன்ஸ் புதுச் சோபாவில்கூட முதுகு படாமல் நுனியில்தான் இருப்பாள். மாதா கோவிலில் வாங்குப் பலகையிலும் அப்படித்தான்.

"முதுகு நோகேல்லையோடி?"

"உள்ளுக்கு என்ன இருக்கெண்டு தெரியாமல் எப்பிடி அக்கா சாயிறது?"

"இவள் மாப்பிள்ளையையும் தட்டிப் பாத்துத்தான் எடுப்பாள்" என்று என் கணவர் மரியரட்ணம் ஒருநாள் சீண்டினார்.

"தட்டிப் பாத்தனான் அத்தான். கனபேர் உள்ளுக்கு ஒண்டுமில்லாத கோறை" என்றாள் அவள்.

வயது இருபத்தேழு. பழைய மரச்சட்ட வீடுகளைத் திருத்தும் தச்சு வேலை. மூன்று வருட Ausbildung, தொழிற்பயிற்சி, முடித்தவள். இந்த வேலைக்கு வந்த தமிழ்ப் பெண் வேறொருத்தியை நான் இங்கே காணவில்லை. கோவிலில் யாராவது விசாரித்தால் அவளுக்கு முந்தி நான் பதில் சொல்லிவிடுவேன்.

உலகக்கிண்ணக் கொடிகள் இன்னும் ஜன்னல்களில் தொங்கிய 2006 ஆவணியில், ஹற்றிங்கன் நகரத்தில் அவள் வேலைசெய்த தெருவுக்கு என்னைக் கூட்டிப் போனாள். வாயைப் பிளக்காமல் அந்தத் தெருவைப் பார்க்க என்னால் முடியவில்லை. கறுத்த ஓக் சட்டங்கள், இடையில் வெள்ளைச் சுவர்கள். ஒவ்வொரு மாடியும் கீழ்மாடியைவிடத் தெருப்பக்கம் நீட்டி நிற்கிறது. எதிரெதிர் வீடுகள் மேலே போகப் போகக் கிட்ட வருகின்றன. சுவருக்குள்ளே இருப்பது கம்பு பின்னிப் பூசிய களிமண். சட்டங்களைப் பிடித்திருப்பது மரமுளைகள்.

"ஒரு இரும்பாணி இல்லை அக்கா. முந்நூறு வரியமா நிக்குது."

நான் தொட்டுப் பார்த்தேன். கோவில் தூணைத் தொட்ட மாதிரி இருந்தது.

அதில் ஒரு வீடு கிறாமர் அம்மாவுடையது. எண்பது வயதைக் கடந்தவர், தனியாள். மூலைத்தூணின் அடி உக்கிப்போயிருந்தது. குளிருக்கு முன் சரிப்படுத்தாவிட்டால் அவர் வெளியேற வேண்டும். தூணை மட்டும் மாற்றலாம் என்று அடித்துச் சொன்னவள் பிளோறன்ஸ். முதலாளி வேலையை அவள் பொறுப்பிலேயே விட்டார்.

முதல் தூணைப் பிழையாகத்தான் செதுக்கினாள். எங்கள் அப்பா மன்னாரில் மேசன். தூக்குக்குண்டு நேர் சொன்னால்தான் அவருக்குச் சுவர். அவளும் தூக்குக்குண்டு பிடித்து நூல் பிடித்த மாதிரி நேர்த் தூண் செய்தாள். நிறுத்தியபோது ஒரு முளைத்துளையும் பொருந்தவில்லை. வீடு ஒரு சாண் தெருப்பக்கம் சரிந்திருந்தது.

"அது சரிஞ்சு நிண்டே பழகினது. நான் போய் நேராக்கப் பாத்தன். எனக்கென்ன விசரே?" என்றாள். திரும்பவும் மரம் எடுத்து, வீட்டின் சரிவுக்கே இன்னொரு தூண் செய்தாள்.

அது ஏறிய அன்று நானும் போனேன். வீட்டைத் தாங்கிய ஜாக்கிகளைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினார்கள். மேல்மாடி முனகியது. களிமண் தூசி கொட்டியது. தெருவில் கிறாமர் அம்மா பூனைக் கூடையை நெஞ்சோடு அணைத்தபடி நின்றார். கடைசி ஜாக்கியும் விலகியது. எல்லோரும் அண்ணாந்து பார்த்தோமே தவிர, ஒருவரும் கிட்டப் போகவில்லை.

பிளோறன்ஸ் போனாள். விரலை மடக்கித் தட்டினாள். காதை வைத்தாள். பிறகு அந்த மாடிக்குக் கீழேயே நிலத்தில் அமர்ந்து, காலை நீட்டி, முழு முதுகையும் தூணில் சாய்த்து, தேத்தண்ணிப் போத்தலின் மூடியைத் திறந்தாள்.