ஏசியின் பின்பக்கம்

பம்மலில் எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவில் ஓர் ஆள் ஒருக்களித்து நடக்கும் அளவுக்குத்தான் சந்து. போன மார்கழியில் ஏசி வாங்கினோம். வெளி யூனிட்டை எங்கே மாட்டுவது என்று மெக்கானிக் கேட்டபோது சந்துச் சுவரைக் காட்டினேன். நேரெதிரே பக்கத்து வீட்டு ஜன்னல். பனிக்காலத்தில் அது மூடியே கிடந்ததால் நான் யோசிக்கவில்லை.

அந்த வீட்டில் ஓர் அக்காவும் அவர் கணவரும் இருந்தார்கள். கணவர் பக்கவாதத்தில் விழுந்து படுக்கையோடு கிடந்தார். அக்கா ஜாக்கெட் தைத்துக் குடும்பத்தை நடத்தினார்.

கத்திரி வெயில் தொடங்கியதும் எங்கள் தெரு அடுப்பாகிவிட்டது. கடற்காற்று இங்கே எட்டுவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். வந்தாலும் நெருக்கியடித்த கட்டிடங்களைத் தாண்டிச் சந்துக்குள் நுழையாது. இருட்டிய பிறகும் சுவரைத் தொட்டால் சுட்டது. ஏசி இரவு பகலாக ஓடியது. எதிர் ஜன்னல் அப்போதும் சாத்தியே இருந்தது. "அவங்களும் ஏசி போட்டுட்டாங்க போல" என்று மனைவியிடம் சொன்னேன்.

ஒரு நாள் மதியம் டிரான்ஸ்பார்மர் வெடித்துக் கரண்ட் போனது. எங்கள் ஜன்னலைத் திறந்தேன். எதிர் ஜன்னலும் திறந்தது. உள்ளே ஏசி இல்லை. நின்றுபோன டேபிள் ஃபேன் மட்டும். அக்கா ஈரத் துண்டால் கணவரின் முதுகைத் துடைத்துக்கொண்டிருந்தார். முதுகு முழுக்க வேர்க்குரு, சில இடங்களில் புண்.

"இவ்ளோ வெயில்ல ஜன்னல மூடி வச்சிருந்தீங்களேக்கா?"

"இன்னா சார் பண்றது? உங்க மெஷின் ஓடிச்சுன்னா அனல் நேரா இவரு மேலதான் அடிக்கிது. கரண்ட் போனாத்தான் தொறக்க முடியுது."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"உங்க வூட்ல கைக்குழந்த கீது. அது தூங்க வேணாமா?"

அவர் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் ஏதாவது சமாதானம் சொல்லியிருப்பேன். கரண்ட் வந்தபோது வேகமாகப் போய் ஏசி சுவிட்சை அணைத்தேன்.

மறுநாளே மெக்கானிக்கைக் கூப்பிட்டு யூனிட்டை மொட்டை மாடிக்கு மாற்றினேன். பத்து நாளில் அக்காவின் கணவருக்குப் புண் ஆறியது. அக்கா ஜன்னல் வழியாகவே சிரித்து, "இப்ப நல்லா தூங்குறாரு சார்" என்றார். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

துணி எடுக்க ஒரு மாலை மாடிக்குப் போனேன். யூனிட்டின் அனல் காலில் அடித்தது. சுற்றிலும் மாடிக்கு மாடி அதே இரைச்சல். இந்தச் சூடெல்லாம் எந்த வீட்டுக்குள் போகிறது என்று தெரியவில்லை. கீழே வந்தேன். குழந்தை வியர்த்து அழுதுகொண்டிருந்தது. ஏசியைப் போட்டேன்.