படம் வேகும் நேரம்

எங்கள் கடைக்கு மேலே குடியிருந்தவரைப் படக்காரர் என்றுதான் சொல்வோம். சினிமாவும் இல்லை, கேமராவும் இல்லை. இன்னும் கட்டி முடிக்காத வீடுகளின் உள்ளறைகளை லேப்டாப்பில் வரைவார். சுவருக்கு என்ன நிறம், சோபா எந்தப் பக்கம், ஜன்னல் வெயில் தரையில் எதுவரை வரும் என்பதெல்லாம் அந்தப் படத்தில் தெரியும். ஒரு கம்பெனி அவருக்கு வேலை அனுப்பும். அந்தக் கம்பெனியில் ஒருவரைக்கூட நேரில் பார்த்ததில்லை என்று ஒருமுறை சொன்னார்.

ஐம்பதை ஒட்டிய வயது. அவருக்குக் கல்யாணம் நடந்ததும் அது முறிந்ததும் சின்ன வயதிலேயே. அதைப் பற்றி அவர் பேசியதில்லை. அண்ணி கேட்காமலும் விட்டதில்லை.

எங்களுடையது துணி ஆல்டரேஷன் கடை. பேன்ட் நீளம் குறைப்போம், ஜிப் மாற்றுவோம், இடுப்பைப் பிடிப்போம், விடுவோம். அண்ணி முதலாளி. நான் இரண்டாவது மிஷின்.

படக்காரர் எல்லாவற்றையும் வரைந்து முடித்துக் கடைசியாக ஒரு பட்டனை அமுக்குவார். அதற்குமேல் வெளிச்சத்தை லேப்டாப்தான் கணக்குப் போட்டுச் சின்னச் சின்னக் கட்டமாக நிரப்ப வேண்டும். அதுவரை அதைத் தொட முடியாது. அது சூடேறி, உள்ளே இருக்கும் ஃபேன் இரைவது எங்கள் கூரை வழியாகவே கேட்கும். அடுத்தது படியில் செருப்புச் சத்தம்.

"வெச்சுட்டேன்" என்பார் வாசலில் நின்று.

"அடுப்புலயா? உக்காருங்க அண்ணே, வேகட்டும்" என்பார் அண்ணி.

அயர்ன் மேஜைக்குப் பக்கத்தில் இருந்த பிளாஸ்டிக் ஸ்டூல் அப்படித்தான் அவருடையதாயிற்று. முதல் நாள் சும்மா உட்கார்ந்திருந்தார். மறுநாள் அவர் கை எதையோ தேடுவதைப் பார்த்து, அண்ணி ஒரு பேன்ட்டையும் தையல் பிரிக்கும் சின்னக் கத்தியையும் கொடுத்தார். அன்றிலிருந்து பழைய தையல் பிரிப்பது அவர் வேலை. துணியில் ஒருநாளும் கத்தி பட்டதில்லை. படத்தில் கண்ணாடிச் சாமான் நிறைய இருந்தால் லேப்டாப் திணறும். அன்று மதியம்வரை கீழேயே இருப்பார். காரணமில்லாமல் வந்து உட்காரும் ஆள் இல்லை அவர். படம் வேகும் நேரம் ஒன்றுதான் அவருக்குக் காரணம்.

ஒருநாள் பிரித்துக்கொண்டே, கம்பெனி கறாராகச் சொல்லிவிட்டது என்றார். காலையில் திருத்தம் சொன்னால் சாயங்காலத்துக்குள் படம் போக வேண்டும். முடியாவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார்கள். புது லேப்டாப் வாங்கியே தீர வேண்டும்.

அதன் பிறகு ஸ்டூலில், லேப்டாப்புக்குள் கணக்குப் போடும் பிராசஸர் பற்றிய பேச்சுதான். எங்களுக்குப் புரியும்படி சொல்ல அவர் மெனக்கெட்டார்.

"அது ஒரு தையல் கடை மாதிரி. கேம் ஆடறவங்களுக்கு கை வேகமான டெய்லர் வேணும், ஒரு தையல் முடிஞ்சாத்தான் அடுத்த தையல். என் படம் அப்படியில்ல. துண்டு துண்டாப் பிரிச்சு ஆளுக்கு ஒண்ணு கொடுத்துடலாம். எத்தனை டெய்லர் உக்காந்திருக்காங்கன்றதுதான் முக்கியம்."

"உக்காந்திருந்தா மட்டும் போதுமா? இங்க ரெண்டு பேர் உக்காந்திருக்கோம், ஒருத்திதான் தைக்கிறா" என்றார் அண்ணி. அது யார் என்று நாங்கள் கேட்டுக்கொள்ளவில்லை.

பெட்டியில் உள்ள பெரிய நம்பரைப் பார்த்து வாங்கினால் ஏமாந்துவிடுவோம் என்றும் சொன்னார். பிராசஸர் பெயரின் கடைசியில் ஓர் எழுத்து இருக்குமாம். யூ என்றால் கரண்ட்டை மிச்சம் பிடிக்கும் சாது. எச் என்றால் முரட்டு உழைப்பாளி. ஆனால் அந்த உழைப்பாளியையும் மெலிசான லேப்டாப்பில் அடைத்தால், சூடு தாங்காமல் கொஞ்ச நேரத்தில் சுணங்கிவிடும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அண்ணி சுணங்குவது மாதிரி என்று எனக்குத் தோன்றியது.

அவர் லேப்டாப் கடைக்குப் போன அன்று, ஜிப் வாங்கிவரச் சொல்லி அண்ணி என்னையும் கூட அனுப்பினார்.

"கூட்டிட்டுப் போங்கண்ணே. வாயைத் திறக்காம பாத்துக்கிட்டே இருப்பா. கடைக்காரங்களுக்கே பயம் வந்துடும்."

அங்கே ஒரு விற்பனைப் பெண் கேட்டாள்: "கேமிங்குக்கா சார்? தனியா ஆடுவீங்களா, ஃபிரண்ட்ஸோடயா?"

அவர் எந்த விளையாட்டும் ஆடுகிறவர் இல்லை. இருந்தும் அந்தக் கேள்விக்கு ரொம்ப நேரம் யோசித்து, "தனியாத்தான்" என்றார்.

பென்டிரைவில் தன் படம் ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். ஆறு பேர் சாப்பிடும் மேஜை போட்ட அறை. முதலில் மெலிசான லேப்டாப்பில் ஓடவிட்டார். கட்டங்கள் விறுவிறுவென்று நிரம்பின. சற்று நேரத்தில் நொண்ட ஆரம்பித்தன. அடுத்து, கீபோர்டு எழுத்துகளுக்கு அடியில் சிவப்பு விளக்கு எரியும் தடித்த லேப்டாப்பில் போட்டார். நான் பக்கத்துக் கடையில் ஜிப் வாங்கிக்கொண்டு திரும்பினேன். மேஜை, ஆறு நாற்காலி, தரையில் வெயில், எல்லாம் வந்து நின்றுவிட்டது.

"முடிஞ்சிருச்சா?" என்று கேட்டார்.

"முடிஞ்சிருச்சு சார்" என்றாள் அந்தப் பெண் பெருமையாக.

அவர் அந்த நாற்காலிகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாக, "இதுக்கும் அதுக்கும் நடுவுல, கொஞ்சம் நிதானமா ஏதாவது இருக்கா?" என்றார்.

அவள் சிரித்துவிட்டாள். "நிதானமா வேணும்னு கேட்ட முதல் கஸ்டமர் நீங்கதான் சார்."

அவரும் சிரித்தார். எதற்காகக் கேட்டார் என்று எனக்குத் தெரிந்தது. தரையைப் பார்த்தேன்.

வேலையை விட முடியுமா? தடித்ததையே வாங்கினார். பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். "கனமா இருக்கு" என்றார்.

அதற்குப் பிறகு மேலே ஃபேன் சீறும், அடங்கும். செருப்புச் சத்தம் வருவதற்குள் மறுபடி சீறும். கம்பெனிக்குச் சந்தோஷம், வேலையைக் கூட்டி அனுப்பியது. ஒரே ஒருநாள் வந்து, உட்காராமல் வாசலோடு போனார். "சும்மா வாங்களேன் அண்ணே" என்று அண்ணி படிக்கட்டில் நின்று கத்துவார். "வரேன், வரேன்" என்று பதில் வரும். ஸ்டூலில் துணி ஏறியது.

பட்டன் தைக்கக் கொடுத்திருந்த அவர் சட்டையை மேலே கொண்டுபோய்க் கொடுக்கச் சொன்னார் அண்ணி. கீழே பிரிக்க நிறையக் கிடக்கிறது, வாங்க என்று சொல்வதாகப் படியேறும்போதே மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டேன்.

கதவு சாத்தியிருந்தது. தட்டினேன். திறந்துவிட்டு ஒதுங்கி நின்றார். திரையில் அறை இல்லை. ஒரு வெட்டவெளி, அதில் ஒரு கூட்டம். சிலர் குதித்தார்கள். ஒருவன் தனியாக ஆடிக்கொண்டிருந்தான்.

"கேம். கடையில அந்தப் பொண்ணே போட்டுக் கொடுத்தது" என்றார் கூச்சத்தோடு. "ஆட்டம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி எல்லாரும் இங்கதான் காத்திருப்பாங்க."

"ஆரம்பிச்சா?"

"சுட்டுக்குவாங்க. நான் வெளிய வந்துடுவேன். அப்புறம் வேற கூட்டம் சேரும், அங்க போய் நிப்பேன்."

கேமில் தன் உருவத்தைக் காட்டினார். ஓரமாக நின்றிருந்தது. பேன்ட் நீளம் அதிகம், காலில் மடிந்து கிடந்தது.

ஒத்திகை பார்த்த வார்த்தைகளை அண்ணியாக இருந்தால் ஒரே மூச்சில் சொல்லியிருப்பார். சட்டையை மேஜையில் வைத்தேன்.

"கதவைச் சாத்திட்டுப் போகவா?" என்றுதான் கேட்க வந்தது.

"வேணாம்மா. திறந்தே இருக்கட்டும்."

கீழே வந்து, ஸ்டூலில் இருந்த துணியை எடுத்து என் மடியில் போட்டுக்கொண்டு பிரிக்க ஆரம்பித்தேன்.

"என்னவாம், படம் வேகுதா?" என்றார் அண்ணி.

"வெந்துடுச்சு."

"அப்புறம் என்ன பண்றாரு மனுஷன்?"

நான் பேன்ட்டைப் புரட்டி அடுத்த தையலைத் தேடினேன். கதவு திறந்திருந்ததால் மேலே ஃபேன் சத்தம் பக்கத்தில் கேட்பது மாதிரி இருந்தது.