பக்கத்து இருக்கை வாசகர்

விருத்தாசலம் போகும் காலைப் பேருந்தில் என் பக்கத்தில் அமரும் அவர், நெய்வேலிச் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை பார்ப்பவர். நக இடுக்குகளில் நிலக்கரித் தூள் படிந்த கைகள். நான் படிக்கும் புத்தகத்தை அவரும் எட்டிப் படிப்பார். அவர் முடிப்பதற்குள் நான் பக்கத்தைப் புரட்ட முயன்றால், விரலால் ஓரத்தை அழுத்திப் பிடித்துக்கொள்வார்.

அப்போது நான் படித்தது ஒரு மாயக்கதை. ஊர் ஒதுக்கிய ஐந்து திருடர்கள் ஒரு மந்திரவாதியின் கோட்டையைக் கொள்ளையடிக்கப் போகிறார்கள். பொய்யர்கள், குடிகாரர்கள், ஆனாலும் நேசிக்காமல் இருக்க முடியாதவர்கள். ஒருவன் உள்ளே சிக்கிக்கொள்ள, தப்பிவிட்ட நால்வரும் அவனை மீட்கத் திரும்புகிறார்கள். அந்தப் பக்கத்திலிருந்து அவர் விரல் நெடுநேரம் விலகவில்லை.

“திருட்டுப் பசங்களுக்கு இவ்ளோ பாசமாங்க?” என்று சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். “நாங்க மூணு பேரு செம்புக் கம்பி திருடப் போனோம். ஒருத்தன் மாட்டிக்கினான். ஜெயில்ல கெடக்கான். எங்க பேர இன்னும் சொல்லல. எல்லாத்தையும் அவன் தலைலயே கட்டிட்டாங்க. நான் போயி ஒத்துக்கினா அவனுக்குத் தண்டன கொறையுமாங்க?”

மேடைகளில் நீதியைப் பற்றிப் பேசியிருக்கிறேன். அந்த நேரத்திலோ அவருடைய வேலையும், அவர் அடிக்கடி பேசும் அவருடைய பிள்ளைகளும்தான் என் கண்முன் வந்தன.

“அது கதைங்க. உங்களுக்குக் குடும்பம் இருக்கு, யோசிங்க” என்றேன்.

“அதையேதாங்க நானும் தெனம் சொல்லிக்கினு கெடக்கேன்.”

மறுநாளும் அவர் என் அருகில்தான் அமர்ந்தார். என் புத்தகத்தை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. சிறையில் இருப்பவனை நான் பார்த்ததில்லை. நான் சொன்ன அந்தச் சொல்லுக்கான தண்டனையையும் சேர்த்து அவன்தான் அனுபவிக்கிறானோ என்ற எண்ணம் இன்றும் என்னை விட்டு அகலவில்லை.