ஜன்னல் இடுக்கில் கந்தல்

தெருவில் அவளுக்கு 'ஈரக்கை' என்றுதான் பெயர். லாட்ஜ்களிலிருந்து பெட்ஷீட்களை வாங்கிவந்து துவைத்துக் காயவைத்துக் கொடுப்பது பிழைப்பு. வெயில் நாளில் மொட்டைமாடி இருக்கிறது. மழை பிடித்துக்கொண்டால் போச்சு, இருக்கிற ஒரே அறைதான் கதி. குறுக்கும் நெடுக்கும் கயிறு கட்டி ஷீட்களைப் போட்டுவிட்டு, அடியில் தாயும் மகளும் குனிந்து குனிந்து நடப்பார்கள். சாப்பிடும்போதுகூட முதுகில் ஈரம் உரசும்.

மகளுக்கு மூச்சிளைப்பு. இந்த மழையில் ரொம்பவே முற்றிவிட்டது. வெளியே இருக்கிற ஈரக்காற்றுதான் பிள்ளையைப் படுத்துகிறது என்று முடிவுகட்டி, அவள் ஜன்னலை இறுக்கிச் சாத்தினாள். இடுக்கில் கந்தலை வேறு திணித்தாள். எவ்வளவு அக்கறை பாருங்கள்! சுவரோ வேர்த்துக் கொட்டியது. மூலையில் கறுப்பாகப் பூசணம் படர்ந்தது. துடைக்கத் துடைக்கத் திரும்ப வந்தது. கை ஓய்ந்ததுதான் மிச்சம். வாய் ஓயாமல் வீட்டு ஓனரைத் திட்டினாள்.

கிளினிக்கில் பிள்ளைக்கு மருந்து மாஸ்க்கை மாட்டிக்கொண்டே நர்ஸ் கேட்டாள்: "ரூமுக்குள்ளயா துணி காயப்போடுறீங்க?"

"வேற எங்க போடுறது? மழை ஒரு சொட்டு உள்ள வராம பாத்துக்கிறேன்."

"துணியில இருந்த தண்ணி எங்கம்மா போச்சு? காத்துலதானே கலந்திருக்கு. வெளிய போக வழியில்லன்னா, சில்லுன்னு இருக்கற சுவத்துலதான் படியும். அதுல பூசணம் வரும். அதைத்தான் இவ மூச்சுல இழுக்கறா."

மழையையும் ஓனரையும் கரித்துக்கொட்டிக்கொண்டே, தினமும் ஈரத்தைத் தாயே அல்லவா உள்ளே கொண்டுவந்து அடைத்திருக்கிறாள்!

வீட்டுக்கு வந்ததும் கந்தலைப் பிடுங்கி எறிந்து ஜன்னலை அகலத் திறந்தாள். சாரல் அடித்து ஓரத்து ஷீட் நனைந்தது. நனைந்து தொலையட்டும் என்று விட்டாள். மகள் ஜன்னல் கம்பியில் முகத்தை வைத்துக்கொண்டாள்.

"இங்க நின்னா நல்லாருக்கும்மா. நீ லாட்ஜுக்குப் போறப்பல்லாம் கொஞ்சமா தொறந்து நிப்பேன்."

"அடிப்பாவி, என்கிட்ட சொல்றதுக்கென்ன?"

"சொன்னா நீ தொறந்தே வச்சிடுவ. சாரல் பட்டா எல்லாத்தையும் திரும்பத் துவைக்கணும். நீயே முடியாம உக்காந்திருந்தே."

அவள் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். நனைந்த ஷீட்டை எடுக்க மகள் கை நீட்டினாள்.

"அதைத் தொடாதடி," என்றாள் அம்மா. "நீ அங்கயே நில்லு."