ஜெபத்தில் நான் சொன்ன பெயர்

எழுத்து கோணலும் மாணலுமாக இருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். அறுபத்தாறு வயதில் கற்ற எழுத்து. ஆனாலும் நம் மாலை வகுப்புப் பலகையில் ஒட்டுவதற்காக முழுவதும் நானே எழுதியது! சந்தோஷமாக ஏதாவது எழுதத்தான் நினைத்திருந்தேன்.

இன்று ஆவடி பஸ்ஸில் எதிர்வீட்டு அம்மாள் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

“இன்னா நைனா, எங்க ஊட்டுக்காரர் குடிய வுடணும்னு வீட்டு ஜெபக் கூட்டத்துல கர்த்தர்கிட்ட சொன்னியாமே? கர்த்தர் யார்கிட்டயும் சொல்லல. கண்ண மூடிகினு இருந்தவங்கதான் நம்ம குவார்ட்டர்ஸ் வீடுங்க பூரா சொல்லிட்டாங்க.”

“தள்ளாடிகினு வந்தாரேம்மா...”

“அது சக்கர வியாதி மயக்கம் நைனா! இப்ப எம் பொண்ண பாக்க வர இருந்தவங்க, யோசிச்சு சொல்றோம்ன்றாங்க.”

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. தெருவில் சொன்னால் புறங்கூறுதல் என்று பயந்துதான் ஜெபத்தில் சொன்னேன். ஆண்டவர் முன்னால் நின்றுகொண்டே ஒரு பெண்ணின் கல்யாணத்தைக் கெடுத்திருக்கிறேன். அவர் கேட்டால் என்ன பதில் சொல்வேன்?

அந்த அம்மாளின் வீட்டுக்காரர் குடிப்பதில்லை. எல்லோரும் படிக்க இன்னொரு முறை எழுதுகிறேன்: அவர் குடிப்பதில்லை.

நாளைக் காலை கோவில்பதாகையில் இருக்கும் மாப்பிள்ளை வீட்டுக்குப் போய் என் தப்பை ஒப்புக்கொள்ளப்போகிறேன். நம்பாவிட்டால் என்ன செய்வதென்று நினைத்தாலே சோறு இறங்கவில்லை.

அவர்கள் சொன்னதை, நல்லதோ கெட்டதோ, அடுத்த வாரம் இதே பலகையில் எழுதிவிடுகிறேன். அதுவரை எனக்காக ஜெபம் செய்யுங்கள். தயவுசெய்து வாய்விட்டு வேண்டாம்.