கடலைக் கிளப்பிவிட்ட ஒன்பதாவது சீசன்

போர்ட் பிளேர் ஷாதிபூரில் வசிக்கும் வைஜெயந்தி கறிக்கடையில் கத்தியை ஓங்கினாலே முகத்தைத் திருப்பிக்கொள்பவர். அப்பேர்ப்பட்டவர், தொடர்கொலைகாரர்களைத் துரத்தும் துப்பறியும் சீரியல் ஒன்றை எட்டு சீசன்களாகச் சோற்றைப் பிசைந்தபடியே பார்த்துவந்தார். பிணம் விழாத எபிசோடு என்றால் அவருக்குச் சாப்பாடு இறங்காது.

கணவர் பன்னீர்செல்வத்துக்குக் கார் நிக்கோபார் தீவில் அரசாங்க வேலை. போர்ட் பிளேருக்கு மாற்றல் கேட்டுக் கேட்டு அவர் ஓய்ந்துபோன சமயத்தில், வைஜெயந்தி நேரே முருகனிடம் பேரம் பேசினார்: "இவரு மாத்தலாகி இங்க வந்து காலை வைக்கிற வரைக்கும் அந்த சீரியலைத் தொடமாட்டேன்." நெய்விளக்கு, பால்குடமெல்லாம் எல்லாரும் செய்வது. உயிரானதைக் கொடுத்தால்தான் சாமி அசையும் என்பது அவர் கொள்கை.

சாமி அசைந்தது. மாற்றல் ஆர்டர் வந்தது; கப்பல் டிக்கெட் வந்தது; கூடவே ஒன்பதாவது சீசனும் வந்தது.

கப்பல் கிளம்பவேண்டிய அன்று மத்தியானம், 'ஆர்டரும் டிக்கெட்டும் வந்தாச்சு, ஆள் வந்த மாதிரிதானே' என்று ஒரு வக்கீலின் நிதானத்தோடு யோசித்து டிவியைப் போட்டார். மூன்றாவது பிணம் விழுந்த நேரத்தில் பக்கத்து வீட்டு புஷ்பா எட்டிப் பார்த்தார்.

"அக்கா, சுனா க்யா, கேட்டீங்களா? கடல் சரியில்லையாம். கார் நிக்கோபார் ஜஹாஜ் கேன்சல்!"

புயல் சின்னம், காற்று என்று புஷ்பா என்னென்னவோ சொன்னார். எட்டு சீசன் பார்த்த மூளை அதற்கெல்லாம் ஏமாறுமா? குற்றம் நடந்த நேரம், நோக்கம், கையில் ஆயுதமாக ரிமோட் எல்லாம் ஒரே ஆளைத்தான் காட்டின. கடலைக் கிளப்பிவிட்டது வைஜெயந்தியேதான்.

பன்னீர்செல்வம் போன் செய்தார். "கப்பல் ஜெட்டியில பெட்டி மேல உக்காந்திருக்கேன் வைஜி. எப்ப விடுவாங்கன்னே தெரியல. நீ விரதத்தை மட்டும் விட்டுடாத."

"ம்."

அன்றிலிருந்து வைஜெயந்தி உப்பில்லாமல் சாப்பிட்டார். டிவிக்குப் பழைய சேலையைப் போர்த்தினார்.

ஒருவழியாகக் கப்பல் வந்தது. இறங்கிய பெண்களில் ஒருத்தி நேரே வந்து, அழைத்துப்போகக் காத்திருந்த வைஜெயந்தியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்கதானா அந்த அக்கா? உங்க விரதத்துலதான் கடல் அடங்குச்சுன்னு அண்ணன் கப்பல் பூரா சொன்னாரு!" பின்னால் பன்னீர்செல்வம் கார் நிக்கோபார் தேங்காயோடு பெருமையாக நின்றார்.

துறைமுகத்திலிருந்து நேராகக் கோயில். "நீதான் உடைக்கணும்" என்று காயை நீட்டினார்.

அழுகியிருந்தால் ஊரறியத் தடயம். "எனக்குக் கை வலிக்குது, நீங்களே உடைங்க."

உடைத்தார். உள்ளே வெள்ளை வெளேரென்று இருந்தது. "பாத்தியா, பால் மாதிரி!"

தடயம் சிக்காத குற்றவாளிதான் கடைசியில் தானாக வாய் திறப்பான். அதையும் அந்த சீரியல்தான் அவருக்குக் கற்றுக்கொடுத்திருந்தது.

"ஏங்க... நடுவுல கொஞ்சம் பாத்துட்டேன்."

"எப்ப?"

"கப்பல் கேன்சலான அன்னிக்கு."

தேங்காய் மூடியோடு பன்னீர்செல்வம் மனைவி பக்கம் திரும்பினார். பெட்டிமேல் உட்கார்ந்து காத்துக்கிடந்த அலுப்பெல்லாம் முகத்தில் திரும்ப வந்தது.

"அடிப்பாவி!" என்றார், சன்னதி என்றும் பாராமல். "கொஞ்சம் பாத்ததுக்கே கடல் இந்த ஆட்டம் ஆடுச்சே. முழுசாப் பாத்திருந்தா நான் என்ன ஆயிருப்பேன்?"

வைஜெயந்தி தலையைக் குனிந்துகொண்டார். ஆள் வந்து காலை வைத்தாயிற்று, கணக்குப்படி இனிமேல் பார்க்கலாம். ஆனால் அதைக் கேட்க இது நேரமில்லை என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது.