மூன்று மாதம் பொறுக்கச் சொல்கிற வேலை

நல்ல செய்தியைச் சொல்லிவிட்டு, "இதை இப்போதே நம்பிவிடாதீர்கள்" என்றும் சொல்ல வேண்டிய உத்தியோகம் என்னுடையது. ஸ்ரீவில்லிபுத்தூரில் எச்.ஐ.வி. பரிசோதனை மையத்தில் ஆலோசகர். ரத்தம் கொடுத்துவிட்டு ஆஸ்பத்திரி பெஞ்சில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தவர்களுக்கு என் பாடு புரியும்.

ஊர் மாற்றி

ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்கள் பரிசோதனைக்கு ராஜபாளையம் போவார்கள். ராஜபாளையத்துக்காரர்கள் இங்கே வருவார்கள். தெரிந்த முகம் இருக்காதாம். அப்படி வந்தவர் நூற்பாலை ஃபிட்டர் ஒருவர். முருகன் என்று வைத்துக்கொள்வோம். கல்யாணம் நிச்சயமாகியிருந்தது.

முடிவு, தொற்று இல்லை என்று வந்தது. ஆனால் அவர் பயந்த சம்பவம் நடந்து சில வாரம்தான். கிருமியை எதிர்க்க உடம்பு உண்டாக்கும் எதிர்ப்புப் பொருளைத்தான் எங்கள் சோதனை கண்டுபிடிக்கும். அது தெரிய நாளாகும். அதற்குள் அடுத்தவருக்குத் தொற்றவும் தொற்றும். மூன்று மாதம் கழித்து மறுபடி வாருங்கள், கல்யாணம் அதற்குப் பிறகு என்றேன்.

"இல்லைன்னு சொல்லிட்டீகள்ல மேடம், பொறவு என்ன?"

மொட்டை

மறுவாரமே வந்தார். தலையில் சந்தனம். எங்கள் ஊருக்குப் பக்கத்திலும் ஒரு திருவண்ணாமலை உண்டு, அங்கே இருப்பவர் பெருமாள்; அவருக்கு நேர்ந்துகொண்டாராம். பிரசாதத்தை மேஜையில் வைத்தார். வாங்கிக்கொண்டு, பழைய பாட்டையே பாடினேன். சிரித்த முகம் சுருங்கிவிட்டது.

"பெருமாளே முடியை வாங்கிட்டாரு. நீங்க மட்டும் ஏன் மேடம் நம்ப மாட்டேங்கீக?"

போனில் ஒரு அழைப்பு

கல்யாணத் தேதி நெருங்கியது. போன் செய்தேன், அவர் அம்மா எடுத்தார். நான் யாரென்று சொல்ல முடியாது. தெரிந்தவள் என்றேன். "யாரா இருந்தா என்னம்மா, கல்யாணத்துக்கு வந்துரணும்" என்றார்.

முருகன் பிறகு ஆலையிலிருந்து கூப்பிட்டார். "உங்களுக்காக வேண்டாம் தம்பி. நீங்க கட்டிக்கப்போற அந்தப் பிள்ளைக்காக இன்னொரு தடவை பாத்துருவோம்" என்றேன். மிஷின் சத்தத்துக்கு நடுவே பதில் சொன்னார்.

"தள்ளி வைக்கேன் மேடம். வீட்ல காரணம் என்ன சொல்ல?"

இரண்டாம் முடிவு

வீட்டில் அவர் ஒரு காரணமும் சொல்லவில்லை. பெண் வீட்டார் தெருவில் நின்று ஏசினார்கள், கல்யாணமே முறிந்தது. அவர் அம்மா மகனோடு பேச்சை நிறுத்திவிட்டார்.

நான் சொன்ன மூன்று மாதம் முடிந்ததும் முருகன் வந்தார். அன்று செய்த முதல் சோதனையிலேயே தொற்று தெரிந்தது. உறுதிப்படுத்தும் சோதனைகளும் அதையே சொன்னன. மாத்திரையைத் தவறாமல் போட்டால் மற்றவர்களைப் போல நெடுநாள் வாழலாம் என்றேன். அவர் அழவில்லை. எழுந்து கதவு வரை போய்த் திரும்பினார்.

"அந்தப் பிள்ளை தப்பிச்சிருச்சுல்ல மேடம்?"

கல்யாணத்தைக் கெடுத்தவன் என்று ஊரே ஏசுகிற ஒருவனை நல்லவன் என்று அறிந்த ஒரே ஆள் நான். வாயைத் திறக்காமல் இருப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம்.